ரெட்டிபாளையத்துக் குத்தாலம்

வாங்க மாப்ளே. தோட்டத்துல அருவி கட்டப் போறீங்களாமே, டீக்கடை முழுக்க அதே பேச்சு. நல்லாக் கட்டுங்க. சித்திரையில போர்ல காத்து வந்து நாங்க குடத்தோட நிக்கறப்ப, உங்க வீட்டுல மட்டுமாவது தண்ணி சலசலன்னு ஓடட்டும். ஊருக்கே பெருமைதானே.

அதுக்கு முன்னாடி ஒரு சேதி. இந்தச் சீமை ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்தது. சுண்ணாம்புச் சுரங்கத்துல கிளிஞ்சலும் நத்தைக்கூடும் கல்லாகிக் கெடக்குது. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கு, 12 கோடி வருசம்ங்கிறாங்க. அம்மாம் பெரிய கடலே இங்க நிக்கப் பிடிக்காமப் போயிருச்சு. நீங்க நிறுத்தப் போறது ரெண்டு டேங்கர் தண்ணி!

ஆலை கூப்பிடு தூரத்துல இருக்கு, சிமெண்டுலயே ஓடையைப் பூசிரலாம்னு கொத்தனார் சொல்வாரு. ஊர் விசுவாசம், தப்பில்ல. ஆனா நம்ம கரிசலு மழையில உப்பும், வெயில்ல கை நுழையற அளவுக்கு வெடிக்கும். மேல பூசினதும் கூடவே வெடிக்கும். பூச்சுக் காரம் போறதுக்குள்ள மீனை விட்டீங்கன்னா, அப்புறம் மிதக்கிறதை அள்ளத்தான் ஆள் வேணும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கிற 500 மைக்ரான் தாள் வாங்குங்க. அடியில பழைய சாக்கைப் போடுங்க, கல்லு குத்தாது.

மேல்படித் தாள் கீழ்ப்படித் தாள் மேல ஏறி விழணும், ஓடு வேயற கணக்கா. மாத்திப் போட்டீங்க, தண்ணி தாளுக்கடியில பூந்து பக்கத்து வீட்டு முருங்கைக்குப் பாயும். அவரு வாயே தொறக்க மாட்டாரு, காய் நல்லாப் புடிக்குதுல்ல! ஓரத்தை ஒரு சாண் தூக்கி, கல்லுக்குப் பின்னால மடக்கி விடுங்க. கரை மண்ணும் புல்லும் தண்ணியைத் தொட்டா சத்தமில்லாம உறிஞ்சிப்புடும்.

கீழ்க்குட்டையைப் பெருசா வெட்டுங்க. கரண்டு போன நிமிசம் ஓடையில இருக்கிற தண்ணி அத்தனையும் அங்கதான் எறங்கும். குட்டை சின்னதா இருந்தா வழிஞ்சு வாசலுக்கு வரும். திரும்ப மோட்டாரைப் போட்டா தண்ணி மேல ஏறி, குட்டை வத்தி, மோட்டார் புகையும். ஓரடி அகலத்துக்கு அருவி பார்வையா விழணும்னா மணிக்கு 5000, 6000 லிட்டர் ஏத்தணும். ரெண்டடிக்கு ஆசைப்பட்டா அதுல ரெட்டிப்பு. பில்லு வந்த பொறவு உங்க அருவி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் விழும், மத்த நாள்ல கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி.

நாரை வரும்னு கனவு காணாதீங்க. அதுங்களுக்குக் கரைவெட்டி ஏரி இருக்கு, 2024ல ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயே ஏத்தியாச்சு. உங்க வீட்டுக்கு மீன்கொத்தி வரும், நீங்க காசு குடுத்து வாங்கின மீனுக்கு.

கங்கைகொண்ட சோழபுரத்துல ராசேந்திரனும் பெருமைக்குத்தான் சோழகங்கம் வெட்டினாரு. ஜெயிச்சதுக்குத் தண்ணியாலயே தூண் நட்டாருன்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. ஆனா அவரு தண்ணி வர வழி விட்டாருல்ல? உங்க மனைக்கு நடுவுலயும் ஒரு வாரி ஓடுச்சு மாப்ளே. மழை பேஞ்சா தாளும் இல்லாம, மோட்டாரும் இல்லாம, காசில்லாம ஓடும். வீடு கட்டறப்ப கிராவல் அடிச்சு அதை மூடினது யாரு? போன ஐப்பசியில அது சமையக்கட்டு வரைக்கும் வந்து வழி கேட்டுச்சே, மறந்துட்டீங்களா?

அந்த வாரியைத் தோண்டி, அதுலயே கல்லை அடுக்குங்க, கோடைக்கு வேணும்னா சின்ன மோட்டார் போதும். கிராவலை அள்ள ஜேசிபி என் பேரன் வச்சிருக்கான். நான் சொன்னேன்னு வாடகையைக் கொறைச்செல்லாம் கேட்டுராதீங்க.