இல்லாத டி.என்.ஏ.வைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஆராய்ச்சியில் சேர்ந்து மூன்று வருடம் ஓடிவிட்டது. ஃபெல்லோஷிப் முடியப்போகிறது. கைடு எதிர்ப்படும்போதெல்லாம் "பேண்ட் வந்துச்சா?" என்கிறார். மாதிரியில் டி.என்.ஏ. இருந்தால்தானே ஜெல்லில் பேண்ட் என்ற அந்தக் கோடு வரும்? இந்த நெருக்கடியில் இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கையேடு. இருக்கிற டி.என்.ஏ.வைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் புத்தகங்கள் நூலகத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. இல்லாததைக் கண்டுபிடிக்கும் வித்தையை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. அது ஒரு ஸ்காலரிடமிருந்து அடுத்த ஸ்காலருக்கு, ஒரே பிப்பெட் வழியாகக் கைமாறி வருகிறது.

கருவியைப் பற்றிக் கவலை வேண்டாம். பிசிஆர் உங்கள் கட்சி. 1983இல் கலிபோர்னியாவில் ஒரு ராத்திரி கார் ஓட்டிக்கொண்டிருந்த கேரி முல்லிஸுக்குத் தோன்றிய யோசனை அது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் 95 டிகிரி சூட்டில் பிரி. 55 டிகிரி வாக்கில் இறக்கி, நகல் தொடங்கவேண்டிய இடத்தைக் காட்டும் பிரைமர்களை ஒட்டவிடு. 72 டிகிரியில் நொதியை வைத்து நகலெடு. ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும். 30 சுற்று முடிந்தால், கணக்குப்படி, ஒரே ஒரு மூலக்கூறு 107 கோடியாகும். 1993இல் முல்லிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு சூட்டுக்கும் நொதி செத்துப்போகும். ஆள் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுக்குச் சுற்று மூடியைத் திறந்து புதிதாக விடவேண்டும். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் அக்வாடிகஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து டாக் நொதி வந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது. நம் வித்தைக்கு அது சிறு நஷ்டம்தான். மூடியைத் திறக்க வேறு சந்தர்ப்பங்கள் எவ்வளவோ இருக்கின்றன.

இந்தக் கருவியிடம் உள்ள பெரிய குணம், அது ஆள் பார்ப்பதில்லை. மைக்செட்டுக்குப் பேச்சு எது, இருமல் எது என்று தெரியுமா? பிரைமர் ஒட்டுகிற மாதிரி எது கிடைத்தாலும் பெருக்கிக் கொடுத்துவிடும். எலும்பின் டி.என்.ஏ.வா, எலும்பைத் தொட்டவரின் டி.என்.ஏ.வா என்று விசாரிக்காது. பழைய எலும்பில் இருப்பது சிதைந்து துண்டுதுண்டாகக் கிடக்கும். உங்கள் தோலிலிருந்து உதிர்வது புத்தம் புதிது. போட்டி என்று வந்தால் யார் ஜெயிப்பார்கள்?

இனி லேபைத் தயார் செய்வோம். பிசிஆர் கலவை தயாரிக்க ஓர் அறை, முடிந்த குழாயைத் திறக்க வேறோர் அறை, முதல் அறையிலிருந்து இரண்டாவதற்குப் போகலாம், திரும்பி வரக்கூடாது என்றெல்லாம் சிலர் சட்டம் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஒரே மேசை போதும். நேற்றைய குழாயைப் படக்கென்று திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் பறக்கும். நேற்றுப் பெருக்கிய துண்டின் நகல்கள் ஒரு துளிக்குள் லட்சக்கணக்கில் இருக்கலாம். அவை மேசையில், பிப்பெட்டின் தொண்டையில், உங்கள் கோட்டுக் கையில் குடியேறி, நாளைய சோதனைக்குக் காத்திருக்கும். ஃபில்டர் வைத்த பிப்பெட் டிப் விலை அதிகம். சாதா டிப் வாங்குங்கள். தண்ணீரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைக்காதீர்கள். லேப் முழுக்க ஒரே பாட்டிலில் டிப்பை விட்டு எடுக்கட்டும். கையுறையைக் காலையில் மாட்டினால் சாயங்காலம்வரை கழற்ற வேண்டாம். அதே கையால் கதவு, செல்போன், மூக்கு நுனி எல்லாவற்றையும் தொடலாம். கையுறை உங்கள் கையைக் காப்பதற்கு. மாதிரியைக் காப்பதற்கு என்பது யாரோ கிளப்பிவிட்ட புரளி.

பயிற்சிக்கு முன்னோடிகளைப் படிப்பது நல்லது. 1993 ஜூனில், ஜுராசிக் பார்க் படம் அமெரிக்காவில் வெளியான அதே வாரம், 12 கோடி வருடத்துக்கும் பழைய லெபனான் பிசினுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு வண்டின் டி.என்.ஏ. கிடைத்துவிட்டதாக நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. விளம்பரத்துக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. 1997இல் லண்டனில் இன்னொரு குழு பிசினுக்குள் இருந்த பூச்சிகளை எடுத்துப் பார்த்தபோது அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தத் துறையின் தலைமைச் சாதனை, வண்டுக் கட்டுரை வந்ததற்கு அடுத்த வருடம் நடந்தது. யூட்டா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கமொன்றில் கிடைத்த, 8 கோடி வருடப் பழமையான எலும்புத் துண்டுகள். அநேகமாக டைனோசர். ஸ்காட் உட்வர்ட் குழுவினர் அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றின் துண்டைப் பெருக்கி, 1994 நவம்பரில் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அந்த வரிசை பறவையோடும் ஒத்துப்போகவில்லை, ஊர்வனவோடும் ஒத்துப்போகவில்லை, பாலூட்டியோடும் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் டைனோசர்தானே! ஐரோப்பாவில் ஒரு கூட்டத்துக்குச் சந்தேகம். எப்போதோ நம் மூதாதையரின் மைட்டோகாண்ட்ரியாத் துண்டுகள் சில இடம் மாறி, உட்கருவுக்குள் குரோமோசோமில் குடியேறிவிட்டன. அங்கேயே தனிப் போக்கில் மாறிக்கொண்டும் வந்திருக்கின்றன. டைனோசரின் வரிசை இவற்றில் ஒன்றாக இருந்தால்? மைட்டோகாண்ட்ரியா கலக்காமல் உட்கருவின் டி.என்.ஏ. மட்டும் வேண்டும் என்பதால், மனித விந்தணுவின் தலையை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். டைனோசருக்கு நெருங்கிய சொந்தமான வரிசைகள் அதில் கிடைத்தன. அதாவது அந்த எலும்பிலிருந்து வந்தது மனிதனின் டி.என்.ஏ. 1995இல் இதை அதே சயின்ஸ் இதழிலேயே போட்டார்கள். இவ்வளவு தூரம் மெனக்கெட்டு ஒருவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

கால எல்லை என்று ஒன்று இருப்பதையும் கண்டுகொள்ள வேண்டாம். நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்து 2012இல் கணக்குப் போட்டவர்கள், 13 டிகிரி குளிரிலேயே எலும்பின் டி.என்.ஏ. சுமார் 521 வருடத்தில் பாதியாகச் சிதையும் என்றார்கள். கிரீன்லாந்தின் உறைநிலத்தில் 20 லட்சம் வருடப் பழைய டி.என்.ஏ. கிடைத்ததுதான் 2022இல் சாதனை. எட்டுக் கோடிக்கும் இருபது லட்சத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைத் தன்னம்பிக்கையால் கடந்துவிடலாம்.

பழங்காலத்தில் ஆர்வம் இல்லாதவர்கள் போலீஸ் இலாகாவைப் பார்க்கலாம். ஜெர்மனியில் 1993இல் நடந்த ஒரு கொலையில் தேநீர்க் கோப்பையின் மேல் கிடைத்த பெண் டி.என்.ஏ., பிறகு திருட்டு, கொள்ளை, கொலை என்று சுமார் நாற்பது இடங்களில் தலைகாட்டியது. பாதி தின்ற பிஸ்கட்டில்கூட இருந்தது. 2007இல் ஹைல்ப்ரான் நகரில் ஓர் இளம் பெண் போலீஸ் சுட்டுக்கொல்லப்பட்டபோது அந்தக் காரிலும் அதே டி.என்.ஏ. துப்புக் கொடுப்பவருக்கு 3 லட்சம் யூரோ என்று அறிவித்தார்கள். 'முகமில்லாத பெண்' என்று பத்திரிகைகள் பேர் வைத்தன. 2009இல், தீயில் கருகிய ஓர் ஆணின் அடையாளத்தைச் சரிபார்க்க அவர் கைரேகை வைத்த பழைய காகிதத்தைத் துடைத்து எடுத்தால், அதிலும் அதே பெண்! அப்போதுதான் பொறி தட்டியது. துடைத்து எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. அது. குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். கிருமியைக் கொல்வதால் டி.என்.ஏ. அழிந்துவிடாது. எனவே, "ஆட்டோகிளேவ் பண்ணியாச்சு சார்" என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முழு உண்மை, ஒரு பிரயோஜனமும் கிடையாது.

நம் வித்தைக்கு ஒரே ஒரு வில்லன் உண்டு. அவன் பெயர் நெகட்டிவ் கன்ட்ரோல். பிரைமர், நொதி, பஃபர் எல்லாம் போட்டு, டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் பக்கத்துக் குழாய்களில் வந்ததெல்லாம் சந்தேகத்துக்கு ஆளாகும். சோதனையிலேயே விலை குறைந்த குழாய் இதுதான். ஆனால் ஆறு மாத உழைப்பைக் கவிழ்த்துவிடும். எனவே இதைக் கையாள்வதில் கவனம் தேவை.

கத்துக்குட்டிகள் அதை வைக்காமலே விட்டுவிடுவார்கள். "மாஸ்டர் மிக்ஸ் பத்தலை" என்று காரணமும் சொல்வார்கள். இது மட்டமான உத்தி, வைவாவில் கேட்டுவிடுவார்கள். தேர்ந்தவர்கள் வைப்பார்கள், முதல் ஆளாக வைப்பார்கள். மற்ற எதையும் திறக்கும் முன்பே தண்ணீரை விட்டு, மூடியை அழுத்தி, ஐஸில் புதைத்துவிட்டால், பிறகு மேசையில் எது பறந்தாலும் அதற்குள் போகாது. (கடைசியில்தான் வைக்க வேண்டும் என்று கண்டிப்பானவர்கள் சொல்வது இதனால்தான்.) நூறு மாதிரிக்கு ஒரே ஒரு கன்ட்ரோல் வையுங்கள். அசுத்தம் எல்லாக் குழாயிலும் சமமாக விழுவதில்லை. ஒரு குழாய் தப்பிக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. மாதிரியை அரைத்து டி.என்.ஏ. பிரிக்கும் கட்டத்திலிருந்தே ஒரு வெற்றுக் குழாயைக் கூடவே அழைத்து வரும் பழக்கம் சில லேபுகளில் உண்டு. அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கன்ட்ரோலில் பேண்ட் வந்துவிட்டால்? 'மங்கலாக' வந்தது என்று எழுதுங்கள். பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாகச் சொல்லுங்கள். உண்மையிலேயே சில சமயம் அப்படி ஒட்டிக்கொள்ளும் என்பது நமக்குப் பெரிய ஆறுதல்.

ஜெல் ஓட்டுவது சுலபம். ஜெல் செய்யும் அகரோஸ் சிவப்புப் பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளிலும் அகார் தருகிற இனங்கள் உண்டு என்பதைக் காத்திருக்கும் நேரத்தில் நினைத்துக்கொள்ளலாம். டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், ஆகவே மின்சாரம் விட்டால் நேர்முனையான சிவப்பு ஒயர் பக்கம் ஓடும். அளவு பார்க்கப் பக்கத்தில் லேடர் ஓட்டாதீர்கள். லேடர் இல்லாவிட்டால் எந்தப் பேண்டும் நீங்கள் எதிர்பார்த்த அளவுதான். அதன் பின் கான்ட்ராஸ்ட்டை ஏற்றி, ஓரங்களை வெட்டிவிட்டால் படம் தயார். ஒன்று மட்டும் எச்சரிக்கை: எலிசபெத் பிக் என்ற அம்மையார் கண்ணால் பார்த்தே ஒட்டுவேலையைப் பிடிப்பவர். 2016இல் அவர் குழு 20,621 கட்டுரைகளின் படங்களைப் பரிசோதித்து, 3.8 சதவீதத்தில் ஒரே படம் முறைகேடாகத் திரும்ப வந்திருப்பதைக் காட்டியது.

முடிவுக்கு ஒரு கதை வேண்டும். 2009இல் நாள்பட்ட சோர்வு நோயாளிகள் 101 பேரில் 68 பேரின் ரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸின் தடம் இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. வருடக்கணக்கில் "உனக்கு ஒன்றுமில்லை" என்று விரட்டப்பட்டவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் எச்.ஐ.வி. மாத்திரைகளை வாங்கி விழுங்கினார்கள். அந்த வைரஸோ, மனிதக் கட்டியொன்றை எலிகளின் உடலில் மாற்றி மாற்றி வளர்த்தபோது லேபிலேயே பிறந்தது. 2011 டிசம்பரில் சயின்ஸ் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மாத்திரை விழுங்கியவர்களுக்கு யாரும் எதையும் திருப்பித் தரவில்லை. இந்தப் பத்தியில் மட்டும் எனக்கு நகைச்சுவை வரவில்லை, மன்னிக்கவும்.

யாரைப் பின்பற்றக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வாண்டே பேபோ. ஸ்வீடனில் மாணவராக இருந்தபோது கடையில் ஈரல் வாங்கி லேப் அடுப்பில் காயவைத்து மம்மியாக்கிப் பார்த்தவர். கைடுக்குத் தெரியாமல் எகிப்திய மம்மிகளில் வேலை செய்து, 1985இல் நேச்சரில் கட்டுரையும் போட்டவர். அருமையான ஆரம்பம். அப்படியே விட்டிருக்கலாம். பிற்பாடு அந்த மம்மி டி.என்.ஏ. தற்கால மனிதர் யாருடையதாகவோ இருக்கலாம் என்று அவரே சொன்னார். டைனோசர் எலும்பின் குட்டை உடைத்த கூட்டத்திலும் இருந்தார். தனிச் சுத்த அறை கட்டினார். 1997இல் நியாண்டர்தால் எலும்பிலிருந்து வரிசை கிடைத்தபோது நேரே பத்திரிகைக்கு ஓடாமல், எலும்பின் ஒரு துண்டை அமெரிக்காவில் வேறொரு லேபுக்கு அனுப்பித் திரும்பச் செய்யச் சொன்னார். அங்கேயும் அதே வரிசை வந்த பிறகுதான் வெளியிட்டார். நியாண்டர்தாலின் முழு மரபணுத்தொகுப்பின் வரைவு 2010இல் வந்தது. நோபல் பரிசு 2022இல். முதல் கட்டுரையிலிருந்து கணக்குப் போட்டால் 37 வருடம். உங்கள் ஃபெல்லோஷிப் அவ்வளவு நாள் தாங்காது.

கடைசியாக, லேபுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மூரிலும் பழைய எலும்புகளின் காலம் வந்துவிட்டது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தோண்டி எடுத்த எலும்புகளின் டி.என்.ஏ. ஆய்வை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கையில் எடுத்திருக்கிறது. நம் வெயிலில் டி.என்.ஏ. எலும்பில் தங்குவதே அபூர்வம். கிடைக்கும் துளிக்கு வரும் எதிர்பார்ப்போ மலையளவு. ஆகவே எந்த ஊரிலிருந்து எந்தக் குழு "ஆதி மனிதரின் டி.என்.ஏ. கிடைத்துவிட்டது" என்று அறிவித்தாலும் கைதட்டுங்கள், பகிருங்கள், பெருமைப்படுங்கள். வெற்றுக் குழாயில் என்ன வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எங்கள் பிழைப்பில் மண் விழும்.