டயகமத் தொப்பியியல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

உலகப் பொதுவெளிப் பின்னல் நாள் என்று ஒன்று 2005 முதல் கொண்டாடப்படுகிறது. ஜூன் மாத இரண்டாம் சனிக்கிழமை ஊசியும் நூலுமாகப் பூங்காவில் வந்து உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கப் பின்ன வேண்டுமாம். நாள் குறித்தவருக்கு டயகம தெரியாது. ஜூனில் இங்கே தென்மேல் பருவமழை; பொதுவெளியில் உட்கார்ந்திருப்பது அட்டை மட்டும்தான். ஆகவே இந்த ஆய்வின் களம் லயத்து இஸ்தோப்பு.

ஆய்வுப் பிரதேசம்: தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டிப் போனால் டயகம. அதற்கு மேலே ஹோர்ட்டன் சமவெளி, ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிடும். கொழுந்துக்கே அந்தக் கதியென்றால் காதுக்கு என்ன கதி? இந்தக் கேள்வியில்தான் தொப்பியியல் பிறந்தது.

வரலாற்றையும் தொட்டாக வேண்டும். கோப்பிக் காலத்திலிருந்தே தோட்டத்தில் தொழிலாளிக்குக் கம்பளி கொடுத்தார்கள். கொடுத்த கையோடு அதன் விலையைப் பேரேட்டில் பற்று எழுதினார்கள். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்த பொருளுக்கு யாருக்கு நன்றி சொல்வது? என் துணிபு இது: மலையகத்தில் நன்றியுணர்வு அன்றே துரை பங்களாவை விட்டுக் கீழே இறங்கி, கேட்பாரற்றுக் கிடந்த சில்லறை விடயங்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை நிறுவ மேனாட்டு முறையொன்றைக் கைக்கொண்டேன். 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மக்கலோ என்ற இரு அமெரிக்க உளவியலாளர் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் ஒரு தொகுதி மாணவர்கள், நன்றி சொல்லத்தக்க ஐந்து விடயங்கள் வரை வாரந்தோறும் எழுதினார்கள். இன்னொரு தொகுதி எரிச்சல்களை எழுதியது. நன்றியை எழுதியவர்களே வாழ்க்கை பரவாயில்லை என்றார்களாம். அதே வினாவை, இஸ்தோப்பில் பேரனுக்குத் தொப்பி பின்னிக்கொண்டிருந்த அம்மாயி ஒருவரிடம் வைத்தேன்.

"அஞ்சா? இன்னைக்கு அட்ட கடிக்கல. பைப்புல தண்ணி வந்துச்சு. பஸ்ஸுல சீட்டு கெடச்சுச்சு. வெறகு காஞ்சிருக்கு."

"அஞ்சாவது, அம்மாயி?"

"செத்த சும்மா இரு தம்பி. கண்ணி எண்ணிக்கிட்டிருந்தேன், விட்டுப்போச்சு."

அமெரிக்க மாணவருக்கு வாரம் ஒன்று தேவைப்பட்ட வேலையை அம்மாயி ஒரு வரிசை பின்னி முடிக்குமுன் முக்கால்வாசி செய்துவிட்டார். ஐந்தாவதைத் தடுத்தது ஆய்வாளரே என்பதும் இங்கு பதிவாகிறது.

இனிப் பொருளியல். பின்னலென்பது கண்ணிக்குள் கண்ணியாக ஓடும் ஒற்றை நூல்; கண்ணிகளுக்கிடையே சிக்கிய காற்றே குளிரைத் தடுக்கிறது. விளிம்பில் இரண்டு நேர்க்கண்ணி, இரண்டு மறுகண்ணி என்று மாற்றிப் போட்டால் தொப்பி இழுபடும். தலை வளர வளரக் கூடவே வரும். அசல் ஆட்டுக்கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாது. கடைத்தெருவில் கிடைக்கும் நூலோ பெரும்பாலும் அக்ரிலிக். அது சீக்கிரம் காயும். அடுப்புக்குக் கிட்டே காயப்போட்டால் உருகும்.

நூல் வாங்கக் காசில்லையென்றால் பழைய சுவெட்டர் இருக்கவே இருக்கிறது. தையலைப் பிரித்து, நுனி தேடி இழுத்தால் சரசரவென்று கழன்று வரும். வந்த நூல் இடியப்பம் போலச் சுருண்டிருக்கும். அதைக் கண்டாகச் சுற்றி, நனைத்து, அடியில் கனமாக ஏதாவது கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிரும். தாத்தாவின் முழங்கை தேய்ந்த இடத்து நூலை மட்டும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பேரன் தலைக்கு ஏற்றலாம். நூல் அழிவதில்லை, ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறுகிறது என்பது தொப்பியியலின் முதல் விதி.

இரண்டாம் விதிதான் சங்கடமானது. தொப்பி முதலில் கைக்குழந்தைக்கு, பிறகு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு, பிறகு இருமுகிற கிழவருக்கு. பின்னுகிறவரின் தலையில் பழைய துவாய்தான். இதற்கு விதிவிலக்கு ஏதும் என் கண்ணில் படவில்லை. காரணம் கேட்டபோது, "எனக்கென்ன, அடுப்புக்கிட்ட தானே இருக்கேன்" என்றார் அம்மாயி. விடியக்காலையில் பிரட்டுக்களத்தில் அடுப்பு எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்க ஆய்வாளருக்குத் துணிவில்லை.

ஆய்வு தொடர நிதி தேவை. பணமாக அனுப்ப வேண்டாம், நூலாகவே அனுப்பலாம். ஊதா வேண்டாம், அது தாத்தாவின் சுவெட்டரிலேயே நிறைய இருக்கிறது.