பொண்ணு பார்க்கப் போற பேராண்டிக்கு

டேய் பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்கப் போறே. பொண்ணோட அப்பா ‘பொன்னியின் செல்வன்’ பித்தராம். அஞ்சு பாகமும் கண்ணாடி அலமாரியில சாமி மாதிரி இருக்காம். நீ முதல் பாகத்துல அடையாளத்துக்கு வச்ச பஸ் டிக்கெட்டு ரெண்டு வருஷமா எடத்தை வுட்டு நகரலேன்னு எனக்குத் தெரியும்.

அதுக்காக, “எனக்கு ரசிக்கலே மாமா”ன்னு உண்மையை உளறிடாதே. டால்ஸ்டாய் 75 வயசுல ஷேக்ஸ்பியரை மறுபடி முழுசாப் படிச்சுட்டு, அப்பவும் புடிக்கலேன்னு எழுதி 1906-ல வெளியிட்டாரு. அவ்ளோ பெரிய தாடிக்காரரையே வுட்டாங்களா? 1947-ல ஆர்வெல் வந்து, செத்துப்போன மனுசனோட மல்லுக்கு நின்னாரு. உனக்கு மீசையே இப்பத்தான் கறுக்குது.

படம் பாத்திருக்கேன்னு தெம்பாவும் போகாதே. மணிமேகலையைப் பத்திக் கேட்டா திருதிருன்னு முழிப்பே. மணிரத்னம் அவளைச் சேர்க்கவே இல்லே.

காபியை ஆத்திக்கிட்டே ஒண்ணே ஒண்ணு கேளு: “ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு நினைக்கிறீங்க, மாமா?” கல்கி அந்த முடிச்சை அவிழ்க்காமலே போயிட்டாரு, ஜனம் இன்னும் அடிச்சுக்குது. அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தட்டு கேசரி உள்ளே போயிடும், பொண்ணையும் நிதானமாப் பாத்துக்கலாம். நடுவுல ஒரு தடவை “ரவிதாசன்...”னு இழு. அதுக்கு மேல வாயைத் தொறக்காதே.

நான் படிச்சேனான்னு கேக்கறியா? கதை ஆரம்பிக்கறதே நம்ம வீராணம் ஏரிக்கரையில, ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான். ஏரிக்கு 74 கணவாய்னு எழுதியிருந்தாரு. நெசமான்னு புஸ்தகத்தை மூடிட்டு மதகை எண்ணப் போனவன், திரும்பத் தொறக்கவே இல்லே. வந்தியத்தேவன் குதிரை பாவம், இன்னும் கரையிலயே நிக்குது.

உன் பாட்டியைப் பாக்கப் போனப்ப அவ அப்பாகிட்ட நான் போட்டதும் இதே கேள்விதான். ஒண்ணரை மணி நேரம் பேசினாரு. “புள்ளாண்டான் விஷயம் தெரிஞ்சவன்”னு அன்னிக்கே தட்டை மாத்திட்டாரு.

அடுத்த தீவாளிக்குப் போனப்ப, அவர் அசந்து தூங்கையில அந்த அஞ்சாம் பாகத்தை எடுத்துப் பாத்தேன். 91 அத்தியாயம். நடுவுல எட்டுப் பக்கம் அச்சாபீசுல வெட்டுப்படாம ஒட்டினபடியே கெடந்தது. கொலை நடக்கற எடமே அதுதான்னு, வாராவாரம் பத்திரிகையில படிச்ச உன் பாட்டி சொல்லிச் சிரிச்சா.

சத்தமில்லாம மூடி, இருந்த எடத்துலயே வச்சுட்டேன். மாமனாராச்சே.