முதலாளி மகனும் சரக்கறைப் பெண்ணும்

கேள்வி: பணக்காரப் பையன், ஏழைப் பெண், காதல், கல்யாணம். இந்தக் கதையை வசனமே இல்லாமல் எப்படிச் சிரிக்கச் சிரிக்க எடுத்தார்கள்?

பதில்: வாய் பேசாவிட்டால் என்ன, முகம் பேசுமே! சாம் டெய்லர் இயக்கி 1927இல் வந்த ‘மை பெஸ்ட் கேர்ள்’ மௌனப் படத்தைப் பாருங்கள். மலிவுவிலைக் கடையின் சரக்கறையில் வேலை பார்க்கும் மேகியாக மேரி பிக்ஃபோர்ட். முதலாளி மகனாக பட்டி ரோஜர்ஸ். அப்பா பெயரை மறைத்து அதே கடையில் வேலைக்குச் சேர்கிறான் பையன். விஷயம் தெரியாத மேகி, அவனுக்கே வேலை சொல்லித் தருகிறாள். பெரிய மரப்பெட்டி ஒன்றுக்குள் இருவரும் ஒண்டிக்கொண்டு மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அந்தஸ்து உள்ளே நுழைய அதில் இடமே இல்லை!

கடைசிக் கட்டம்தான் உயிர். அவன் யார் என்று தெரிந்தபின், அவன் வாழ்க்கை தன்னால் கெடக்கூடாது என்று, பணத்துக்காகத்தான் பழகினேன் என்று நடிக்கிறாள் மேகி. அள்ளி அப்பிய உதட்டுச்சாயம், பழக்கமில்லாத சிகரெட், ஆட்டம் பாட்டம். நமக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அப்போது அவள் கண் கலங்குகிறது. நம் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

நிஜத்தில் கதை தலைகீழ். 1919இலேயே யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர் பிக்ஃபோர்ட். இந்தப் படத்தின் தயாரிப்பாளரும் அவரே. முதலாளியம்மாவும் நாயகனும் 1937இல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.