பேரன் யானை வாங்கப் போறான்

வா கண்ணு, வா. அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. கையில என்னது, கலியாணப் பத்திரிகையாட்டம் பளபளங்குது? ஓகோ, வண்டிப் படமா! கம்பெனிக்காரங்க ஆளுக்கொண்ணு குடுத்துத் தாட்டியுட்டாங்களாக்கும். உங்கம்மா நேத்தே போன்ல சொல்லிப்போட்டா, "பையன் வண்டி எடுக்கறானுங்கப்பா, நெம்பப் பெருசா எடுக்கறானுங்கப்பா"ன்னு. பெருசுன்னா எத்தாச்சோடுன்னு கேட்டேன். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டியிருப்பா போல, போன் கீழ விழுந்த சத்தந்தான் கேட்டுது.

முப்பது வருசம் சங்ககிரி லாரி ஓட்டுனவன் நானு. நாமக்கல்லுல பாடி கட்டி வந்த வண்டிக்கு மொதோ எலுமிச்சம்பழம் நசுக்குன காலு இது. ஆனா என்ற கிட்ட யாரு யோசனை கேக்கறா? போன மாசம் பொண்ணு பாத்துட்டு வந்தியே, அந்த ஊட்டு வாசல்ல எந்த வண்டி நின்னா எடுப்பா இருக்கும்னு பாத்துத்தான் நீ படத்தைப் பொரட்டிக்கிட்டிருக்கே. தப்பில்ல சாமி. உங்க அம்மாயியைப் பாக்கப் போறப்ப நானும் மொதலாளியோட லாரியிலதான் போனேன். உங்க பூட்டன் டயரைத் தட்டிப் பாத்துப்போட்டு, "வண்டி நல்லாருக்குது, இதுல உங்களது எது?"ன்னு கேட்டாரு. ஸ்டேரிங்குல கட்டியிருந்த குஞ்சத்தைக் காட்டுனேன்.

சரி, உன்ற தொழிலுக்கு வருவோம். குழாய் வேலை, டாங்கி வேலை, போர் மோட்டார் ஏத்தறது எறக்கறது. இன்னிக்கு வரைக்கும் அத்தனையும் எக்ஸ்எல்லுலயே ஓட்டிப்போட்டே. நீ முன்னால ஓட்ட, உன்ற கையாள் பையன் பொறகால இருபதடி பைப்பைத் தோள்ல வெச்சுட்டு உக்காந்திருக்க, வளைவுல நீ திரும்பி ஒரு மாமாங்கம் கழிச்சுத்தான் பைப்பு திரும்பும். அந்தப் பைப்புக்கு பஸ்ஸுக்காரனே ஒதுங்கிப் போனான். ஆகையால வண்டியே வேண்டாமுன்னு நான் சொல்லலை. எந்த வண்டிங்கறதுலதான் உன்ற மண்டைக்குள்ள கொஞ்சம் வாசர் மாத்த வேண்டியிருக்குது.

படத்தை ஓரமா வெய்யி. சட்டைப் பையில எண்ணெய்ப் பிசுக்கு நோட்டு ஒண்ணு வெச்சிருப்பியே, அதை எடு. போன மூணு மாசத்தைப் பொரட்டு. மோட்டார் வேலை எத்தனை நாளு? பன்னண்டு. புது டாங்கி வெச்சது? ஏழு. மிச்ச நாளெல்லாம்? குழாய் ஒழுகல், வாசர், பாத்ரூம் அடைப்பு. அப்ப, பாத்ரூம் அடைப்பெடுக்கறதுக்கு ஒண்ணே முக்கால் டன் பிக்கப்பு வாங்கறே. அடைச்சது என்ன, ஆட்டுக்கல்லா?

மோட்டார் எறக்கறப்பத்தான் பெருசு வேணுமுங்கறியா? அதையும் பாத்துருவோம். அறநூறடி போருன்னா இருபதடி பைப்பு முப்பது. ஒண்ணே கால் இஞ்சு ஜிஐ, மீடியம் ரகம், ஒரு பைப்பு 19 கிலோ தேறும். முப்பதுக்கு 570 கிலோ. கேக்கறதுக்கு வாயைப் பொளக்கற கணக்குதான். ஆனா கழட்டுன பைப்பை நீ ஊட்டுக்கா தூக்கிட்டு வாரே? அது அந்தத் தோட்டத்துலயே தென்னை மரத்தடியில கெடக்குது. ரீவைண்டிங் கடைக்குப் போறது மோட்டார் மட்டுந்தான். புதுப் பைப்புன்னா கடைக்காரனே கொண்டாந்து எறக்கிப்போடுவான். உன்ற வண்டியில ஏறறது மோட்டாரு, செயின் பிளாக்கு, முக்காலி, கிளாம்பு, ரெண்டு ஆளு, ஒரு தூக்குப்போசி சோறு. இதுக்கு யானை எதுக்குடா, குட்டி யானையே கொட்டாவி உடும்.

குட்டி யானைன்னதும் நெனப்பு வருது. 2005ல டாட்டாக்காரன் அதை எறக்குனப்ப, எங்க லாரிப் பேட்டையில சிரிச்ச சிரிப்பு இருக்குதே! ரெண்டே சிலிண்டரு, 702 சிசி, 16 குதிரை சக்தி. "இது லாரி போட்ட குட்டியா, ஆட்டோ போட்ட குட்டியா"ன்னு கேட்டவன் நாந்தான். முக்கா டன்னு ஏத்துமுன்னாங்க. முக்கா டன்னுன்னா சிமெண்டு மூட்டையில பதினஞ்சு. நம்ம சனம் முப்பது ஏத்திச்சு. அப்படியும் அது தவழ்ந்து தவழ்ந்து போய்ச் சேந்துச்சு. அஞ்சாறு வருசம் கழிச்சுப் பாத்தா, பேட்டையில சிரிச்சவன்ல பாதிப் பேரு லாரியை வித்துப்போட்டு அதைத்தான் ஓட்டிக்கிட்டிருந்தான்.

தோஸ்த் இருக்குது, நம்ம ஓசூர்ல செய்யறது, 2011ல வந்துது, ஒண்ணே கால் டன்னு. நல்ல வண்டிதான். எட்டடிக்கு மேல தொட்டி நீளம், எட்டுக்கு நாலு பிளைவுட்டைப் படுக்க வெச்சு டெயில்போர்டை மூடலாம். ஆனா நீ ஆசாரி இல்லியே. குட்டி யானைத் தொட்டி ஏழடிதான், ஆயிரம் லிட்டரு டாங்கி அதுல சொகமா உக்காந்துட்டு வரும். டாங்கிக்கு எடமிருந்தாப் போதும், எடையிலென்ன இருக்குது, முப்பது கிலோ சொச்சம். உன்ற தொழில்ல இதான் சூட்சுமம். பொருளு பருமனா இருக்கும், கனம் இருக்காது. சில கலியாணத்துச் சீர்த்தட்டாட்டம்.

ஈகோ எடுக்கச் சொல்லி உன்ற சிநேகிதன் சொன்னானாமா. பேரே ஈகோ, அப்பறம் ஓட்டறவனுக்கு எப்படியிருக்கும்? அந்தக் காலத்து ஆம்னிக்குத் தம்பி அது. ஆம்னி 1984ல வந்து 2019ல நின்னுபோச்சு. மூடுன வண்டிங்கறதால சாமானுக்குப் பத்திரம், மழைக்குப் பயமில்ல, வாஸ்தவம். எலக்ட்ரீசனுக்கு, ஏசி மெக்கானிக்குக்கு அது சரி. நீ அதுக்குள்ள டாங்கியை எப்படி நொழைப்பே? ஒரு மூட்டையைத்தான் சுளுவா ஏத்த முடியுமா? தொட்டி வண்டின்னா மூணு பக்கமும் தொறக்கோணும். மூட்டை ஏத்த அதான் வாகு. என்ன மூட்டையா? பொதுவாச் சொன்னேன் கண்ணு.

சாமான் களவு போகுமேன்னு பயந்தா, கேபினுக்குப் பொறகால தகரத்துல ஒரு பொட்டி அடிச்சுப் பூட்டுப் போடு. பட்டறையில ரெண்டு நாள் வேலை. பைப்புக்கு மேல ஒரு கேரியரு. ஆனா நீட்டிக்கிட்டுப் போற சமாச்சாரத்துல மட்டும் எக்ஸ்எல் நெனப்பை உட்டுரு. 2019ல சட்டத்தை மாத்திப்போட்டாங்க. லோடு வண்டிக்கு வெளிய வரம்பு தாண்டி நீட்டுனா 20,000. எடை மீறுனா அதுக்கொரு 20,000, மீறுற ஒவ்வொரு டன்னுக்கும் மேல 2,000. செகப்புத் துணி கட்டியிருக்கேன்னு சொன்னா, துணியை உன்ற கையிலயே குடுத்துக் கண்ணைத் தொடைச்சுக்கச் சொல்லுவாங்க. முக்காலிக் காலை ரெண்டு துண்டாக்கி நடுவுல கப்ளிங் போட்டுக்க.

பர்மிட்டு, பேட்ஜின்னு ஒருத்தன் காசு கேட்டானாமா? லோடோட சேத்து மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா பர்மிட்டே வேண்டாம். நீ ஆசைப்படற பெரிய பிக்கப்புல சிலது அந்தக் கோட்டைத் தாண்டிரும், பாத்துக்க. லைசென்சு காரு ஓட்டற எல்எம்வியே போதும். 7,500 கிலோவுக்குள்ள லோடு வண்டியையும் அதை வெச்சே ஓட்டலாமுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2017ல சொல்லி, 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதிக மறுபடியும் உறுதி பண்ணிப்போட்டாங்க. வெள்ளைப் போர்டுல வாங்கிச் சாமான் ஏத்தலாம், வரி மிச்சமுன்னு எவனாவது சொன்னா, இடிச்சுப்போட்டு இன்சூரன்சுக்காரன் முன்னால நிக்கறப்ப அவனையும் கூட்டிட்டுப் போ.

கரண்டு வண்டியா? அதுவும் 2022லயே குட்டி யானையில வந்துபோச்சு. ஊருக்குள்ள சுத்தறவனுக்கு நல்லதுதான். ஆனா உன்ற கணக்கு எனக்குத் தெரியும். தோட்டத்து இலவசக் கரண்டுல சார்ஜ் போட்டுக்கலாமுன்னுதானே? அது பம்புசெட்டுக்குக் குடுத்தது. சார்ஜ் ஏறறதுக்கு முன்னால ஈபிக்காரன் வந்து ஏறிக்குவான்.

இனி காசு. இங்கதான் காதைத் தீட்டிக்க. பைனான்சுல என்ன வட்டி சொன்னான்? முக்கா வட்டி, 75 பைசாவா? சந்தோசமா வந்திருப்பே. நம்மூருல ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கறாங்க, இவன் முக்காலுக்குத் தாரானேன்னு. கேட்டுக்க. அஞ்சு லட்சம், அறுபது மாசம். மாசம் 3,750 வட்டி, அறுபதுக்கு ரெண்டே கால் லட்சம். ஆக ஏழே கால் லட்சம், மாசத்துக்கு 12,083. ரெண்டரை வருசத்துல அசல்ல பாதியைக் கட்டிருவே. அதுக்கப்பறமும் அவன் வட்டி வாங்கறது முழு அஞ்சு லட்சத்துக்கும். அசல் கொறையக் கொறைய வட்டியும் கொறையற பேங்குக் கணக்குல போட்டுப் பாத்தா, இது ஒண்ணே கால் வட்டிக்கும் மேல. வருசத்துக்கு ஒம்போதுன்னு நெனச்சு நீ கையெழுத்துப் போடறது பதினஞ்சரைக்கும் மேல. "பிளாட்டா, டிமினிசிங்கா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளு. டீ வாங்கிக் குடுத்தவன் மூஞ்சி மாறுதான்னு பாரு.

அந்த 12,083ஐ நாளுக்குப் பிரி. நானூறு ரூவா. மழை பேஞ்சு போரெல்லாம் ரொம்பி, ஊருல ஒருத்தனும் உன்னைக் கூப்புடாத ஐப்பசியிலயும் நானூறு. எருமை கறக்காட்டியும் தீனி திங்குதில்ல, அப்படித்தான். இன்சூரன்சு, எப்சி தனி. எப்சி எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கொருக்கா, அப்பறம் வருசா வருசம். பேட்டையில வாடகை வண்டி எடுத்தா இந்த ரோதனை ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணு, சித்திரையில தண்ணி கீழ போயி ஊரே மோட்டாரை எறக்கிக் கட்டறப்ப, வாடகை வண்டிக்காரன் போனை எடுக்கமாட்டான். அந்த ரெண்டு மாசந்தான் உன்ற வெள்ளாமை. அதுக்கோசரம் சொந்த வண்டி வேணும். பழசா எடு. மொதோ மூணு வருசத்துச் சிராய்ப்பு இன்னொருத்தன் காசுல நடந்திருக்கட்டும்.

பழசுக்குப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. காங்கயம் மாட்டுக்குச் சுழி பாக்கற மாதிரி பாக்கோணும். கன்சல்டிங்காரன் பெயிண்டடிச்சு வெச்சிருப்பான். நீ பெயிண்டைப் பாக்காத, குனிஞ்சு சேசிசைப் பாரு, வெல்டு வெச்சிருக்கானான்னு. ஸ்பிரிங் பட்டையை எண்ணு. கம்பெனி போட்டதுக்கு மேல ஒரு பட்டை சேத்திருந்தான்னா, அந்த வண்டி ஆயுசு பூரா எடை மீறியே ஓடுனது. இஞ்சினை ஓட உட்டு ஆயில் மூடியைக் கழட்டு. இட்லிச் சட்டியாட்டம் பொகை வந்தா கும்பிட்டுப்போட்டு வந்துரு. ஆர்சியில பைனான்சுக்காரன் பேரு நீங்கியிருக்குதா, பழைய அபராதம் பாக்கியிருக்குதா, பாத்துக்க. இன்னொண்ணு, 2025 செப்டம்பர்ல லோடு வண்டிக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆச்சு. புது வண்டி விலையே எறங்கிருச்சு. பழைய வண்டிக்காரன் மட்டும் பேப்பரே படிக்காதவனாட்டம் பழைய விலை சொல்லுவான்.

முன்னால அது என்ன ஓட்டுன வண்டின்னு விசாரி. தண்ணிக் கேன் வண்டி வேண்டாம், முதுகு ஒடிஞ்சிருக்கும். மீன் வண்டி வேண்டாம், உப்புல தரை அரிச்சிருக்கும். வாசமும் போகாது. பொண்ணு ஊட்டுக்குப் போனா பூனையெல்லாம் பொறகாலயே வரும். நாமக்கல்லு முட்டை வண்டி கெடைச்சா யோசிக்காம பேசி முடி. கிலோமீட்டரு கூட ஓடியிருந்தாலும் பாதகமில்ல. உலகத்துலயே பள்ளத்தைப் பாத்துப் பயந்து ஓட்டறவன் முட்டை வண்டிக்காரன் ஒருத்தந்தான்.

அகலத்தையும் அளந்துக்க. நீ போற தோட்டமெல்லாம் இட்டேறிக்குள்ள. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. பெரிய பிக்கப்புல போனா எதுத்தாப்புல ஒரு ஆட்டுப்பட்டி வந்தாப் போதும், ஒரு மைலு ரிவர்ஸுதான். அப்படி ஒரு தோட்டத்துக்குப் போயிட்டு வந்தா, பொண்ணு ஊட்டுக்குக் காட்டோணுமுன்னு வெச்ச பெயிண்டுல கிளுவை முள்ளு கையெழுத்துப் போட்டிருக்கும். ஒதுக்குன காசுல எல்ஈடி, குஞ்சம், கொழல் ஆரனெல்லாம் வாங்காத. பக்கப் பலகையில உன்ற தொழிலும் போன் நம்பரும் ஒரு சாண் எழுத்துல இருக்கட்டும். "அப்பிச்சி துணை"ன்னு போடறதுன்னா சின்னதாப் போடு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

கடைசியா ஒறம்பரை. லோடு வண்டி வாங்குனவன் ஊட்டுக்கு ஒறம்பரை எங்கிருந்துதான் மொளைக்குமோ. ஊடு மாத்தோணும், கன்னுக்குட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோகோணும், சோளத்தட்டு ஏத்தோணும், பழனிக்கு இருபது பேரு பொறகால உக்காந்து போகோணுமும்பாங்க. ஆளு ஏத்தவே கூடாது, ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆனா இன்சூரன்சுல நயாபைசா பேராது. சாமானுக்கும் டீசலுக்கு மேல ஒரு நாள் வாடகையை மொகத்துக்கு நேரா கேளு. "மாமன் கிட்டயே காசா?"ம்பான். நாளுக்கு நானூறு கணக்கைச் சொல்லு, அடுத்த நோம்பி வரைக்கும் வரமாட்டான். பெத்த தகப்பனா இருந்தாலும் ஓசிக்குச் சாவி குடுக்காத.

என்ன எந்திரிச்சுப்போட்டே? மோரு குடிச்சுப்போட்டுப் போ. வண்டி எப்ப முடிவாகும், வாரக் கடைசிக்குள்ள ஆயிருமா? இல்ல, சும்மாதான் கேட்டேன். களத்துல கொப்பரை காஞ்சு கெடக்குது, பதினோரு மூட்டை தேறும். பெருந்துறை ஏலத்துக்குக் கொண்டுபோகோணும். வாடகைக்காரன் ஏகமாக் கேக்கறான். வரப்ப தார்ப்பாய் ஒண்ணு சேத்து வாங்கிட்டு வந்துரு சாமி, ரெண்டு நாளா மேக்க மின்னிக்கிட்டே இருக்குது.