நாலு பேச்சிலரும் ஒரு அக்ரிமென்ட்டும்

கேள்வி: ஹாஸ்டல் சாம்பார் அலுத்துவிட்டது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வேளச்சேரியில் வீடு எடுக்கப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
- கல்லூரி மாணவர், கிண்டி

பதில்: நீங்களே சாம்பார் வைத்துச் சாப்பிடும் அன்று ஹாஸ்டல் மாஸ்டரின் அருமை தெரியும். அது இருக்கட்டும்.

'டு லெட்' பலகையின் கீழே பொடி எழுத்தில் 'ஃபேமிலி மட்டும்' என்றிருக்கும். 'நாங்களும் ஒரு குடும்பம் மாதிரிதான் சார்' என்று சொல்லிப் பாருங்கள், கேட் சாத்தும் சத்தம் கேட்கும். மனமிரங்குபவரோ பத்து மாத அட்வான்ஸ் கேட்பார். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. கூடவே, 'ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாத பட்சத்தில்' என்று ஒரு வாலும் வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துத்தான் மூன்று பத்தாகிறது. எனவே அக்ரிமென்ட்டைப் படியுங்கள், செமஸ்டருக்குப் படிப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

தனி இ.பி. மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் என்றால் வீட்டுக்காரர் சொன்னதுதான் ரேட்.

தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் துள்ளாதீர்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்.

ஒப்பந்தம் யார் பெயரில்? உங்கள் பெயரில் வேண்டாம். வாடகைத் தேதியன்று மற்ற மூவரின் போனும் ஒரே நேரத்தில் 'சுவிட்ச் ஆஃப்' ஆகும்.