உளிக்கு முன்னே ஒரு பென்சில்

சிற்பம் கற்க ஆசைப்படுபவர் முதலில் வாங்குவது உளியும் சுத்தியலும். முதலில் தேவைப்படுவதோ பென்சிலும் ரப்பரும், குறிப்பாக ரப்பர். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பாரம்பரியச் சிற்ப, கட்டடக்கலைப் பயிலகத்தில் கல், உலோகம், மரம், சுதை எனப் பிரிவுகள் உண்டு. எதை எடுத்தாலும் மரபுச் சிற்பத்தில் கோடும் கணக்கும் தப்பாது.

கணக்குதான் பலரை வீட்டுக்கு அனுப்புகிறது. 12 அங்குலம் ஒரு தாளம். திருமாலுக்கு உத்தம தசதாளம். பத்துத் தாளம் என்றால் 120 அங்குலம்தானே என்று துள்ளக்கூடாது, அது மத்திமம். உத்தமம் 124, அதமம் 116. இந்த அங்குலம் கடை டேப்பிலும் கிடையாது. சிலையின் உயரத்தை 124 பங்காக்கினால் ஒரு பங்கு.

பிறகு கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். மணிபோல் ஒலித்தால் ஆண் கல்லாம். ஆரம்பநிலையாளர் தட்டினால் பெரும்பாலும் விரல்தான் ஒலிக்கும்.

மரம்தான் சுலபம் என்பவர்கள் காளத்தி அருகே மாதவமாலைக்குப் போய்ச் செதுக்குவதைப் பார்க்கலாம். சேஷாசலச் செம்மரத்தில் மட்டும் கண் வைக்கவேண்டாம். அது வனத்துறைப் பாடம்.

முதல் வேலைக்குக் களிமண்ணே உத்தமம். பிசகினால் பிசைந்துவிடலாம். கல்லில் மூக்குடைந்தால் ஆகம விதிப்படி அந்த மூர்த்திக்குப் பூசை கிடையாது.